பதினெட்டாவது சட்டை

பதினேழு பெயர் வந்துவிட்டது.
பதினெட்டாம் இலக்கத்துக்கு நேரே
மனேஜர் பென்சிலால் ஒரு கோடு.
"வெள்ளிக்கிழமை சொல்றன்."

மருதானை ஸ்டேசனுக்குப் பின்னால்
சட்டைக்குப் பெயர் ஒட்டுகிற கடை என்னுடையது.
வெட்டும் மெஷின் ஒன்று, சூட்டுப் பிரஸ் ஒன்று,
ரயில் போனால் இரண்டும் ஆடும்.

கப்பல் கம்பனியின் ஹொக்கி அணி.
அந்தச் சட்டைக்குச் சம்பளம் உண்டு.
மாதக் கடைசியில் வங்கியில் விழும்,
பல்லு உடைந்தால் கம்பனி கட்டும்.
ஆகவே கோடு சும்மா கோடில்லை.

செவ்வாய் மாலை கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுப்
பயிற்சி பார்க்கப் போனேன்.
எனக்கென்ன வேலை அங்கே? ஒன்றுமில்லை.
தண்ணீர் அடித்த நீலப் புல்லில்
விளக்குகள் தலைகீழாய்க் கிடந்தன.

கொம்பனித்தெரு இஃப்ராஸ் ஜுமத்
பந்தை மட்டையோடு ஒட்டிக்கொண்டு
மூன்று பேரைக் கடந்தான்; நாலாவது ஆளையும்
கடக்க ஆசைப்பட்டான். அதுதான் அவன் வியாதி.
மாத்தளை சஸ்மித எதிரிவீர
பெனல்டி கோர்னருக்கென்றே பிறந்தவன்.
இழுத்து எறிந்தால் பலகை அதிர்கிறது,
மற்ற நேரமெல்லாம் இடுப்பில் கை.

பிரகலாதன் பிந்தி வந்தான்.
புறக்கோட்டைத் துணிக்கடை ஐந்தரைக்குத்தான் விடும்.
மட்டையின் பிடியில் பார்சல் கட்டும் டேப்,
சப்பாத்து ஒன்று மற்றதைவிடப் புதுசு.
ரைட் ஹாஃப்.
பந்தைப் பார்க்கவில்லை அவன்,
எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்தான்.
மணிக்கட்டு திரும்ப முன்னமே
அங்கே போய் நின்றான், பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி.
இஃப்ராஸ் இரண்டு தரம் வந்து
இரண்டு தரமும் வெறுங்கையோடு திரும்பினான்.

மழை தூறியது. மனேஜர் குடைக்குள் ஏதோ எழுதினார்.
எனக்கு அது போதும்.
புதன் காலை, ஒருவரும் கேட்காமலே,
வெள்ளை வைனிலில் அவன் பெயரை வெட்டினேன்.
ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து,
அதில் நாலு ஏ.
உரித்து, தாளில் அடுக்கி, லாச்சிக்குள் வைத்தேன்.

வெள்ளி மத்தியானம் போன் வந்தது.
"ரெண்டாவது கோல்கீப்பர். ஹபங்கம.
பச்சைச் சட்டை, பெரிய சைஸ்,
பேட்டுக்கு மேலால போடணும்."

யார் அவன்?
யோசித்துப் பார்த்தால், தூரத்துக் கோலில்
ஹெல்மெட்டோடு ஓர் உருவம்,
இடைவேளையில் எல்லாருடைய பந்துகளையும் பொறுக்கி
வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தது.
முகமே பார்க்கவில்லை நான்.
குடைக்குள் மனேஜர் எழுதியது
அவன் தடுத்த கணக்காம்.

சனி காலை பச்சைத் துணி வந்தது.
தோளில் சுமந்து வந்தவன் பிரகலாதன்.
மேசையில் விரித்து அளந்தான்.
"ஒரு சட்டைக்கா, அக்கா?"
"ம்."
"ரெண்டே கால் மீட்டர் பிடிக்கும். உள்ளுக்குப் பேட் இருக்குல்ல."
யாருக்கென்று கேட்கவில்லை.
பச்சை என்றால் கீப்பர், அவனுக்குத் தெரியாததா?
பில்லில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு
"எழுத்துக்கு எவ்வளவு எடுக்கிறீங்க?" என்றான்.
"அறுபது."
உதட்டுக்குள் பெருக்கினான்.
"அப்ப எனக்கு அறுநூத்தறுபது. கம்பனி தப்பிச்சிச்சு."
சிரித்தான். படியில் இறங்கும்போது
"ஜனவரியில திரும்ப எடுப்பாங்களாம்" என்றான்,
என்னிடமா, தோளில் கிடந்த உருளையிடமா தெரியவில்லை.

பின்னேரம் பக்கத்துக் கடையில் தைத்து வந்தது.
லாச்சியைத் திறந்தேன்.
வைனில் விலை ஏறிப்போய்க் கிடக்கிறது.
எச், பீ, என், ஜீ, நாலு ஏயும்
அப்படியே பொருந்தின.
எம் ஒன்றுதான் புதிதாக வெட்டினேன்.
நேராக அடுக்கி, பிரஸ்ஸை இறக்கி,
பதினைந்து செக்கன் எண்ணினேன்.
ஏழாவதில் ரயில் போனது,
பிடியைக் கையால் அழுத்திக்கொண்டேன்.

மிச்சம் ஆர், எல், டீ.
பில்லில்
ஒன்பது எழுத்துக்கும் காசு போட்டேன்.